நொச்சித் திணை: அவரைப் பந்தல் காப்பு குறித்த ஓர் ஆய்வு

மதிலைக் காப்பதற்குத் தமிழில் இலக்கணம் இருக்கிறது. அவரைப் பந்தலைக் காப்பதற்கு இல்லை. ‘புறப்பொருள் வெண்பாமாலை’ செய்த ஐயனாரிதனார் புறப்பொருளைப் பன்னிரண்டு திணையாகப் பிரித்தார். அடுத்தவன் மாட்டை இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போவது வெட்சி. அடுத்தவன் மண்ணுக்குள் படையோடு புகுவது வஞ்சி. மதிலை வளைத்துக்கொண்டு ஏறுவது உழிஞை. உள்ளே நின்று மதிலைக் காப்பது நொச்சி. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர், வெண்டைப் பாத்தியை வளைத்துக்கொள்வது என்ன திணை, அதில் தோற்றவன் எந்தப் பூவைச் சூட வேண்டும் என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டார். பின்னால் வந்தவர்களும் கவனிக்கவில்லை. நொச்சி ஆடுமாடு வாய் வைக்காத செடி என்பதும், வேலியோரத்தில் அதை இன்றும் நட்டு வருகிறார்கள் என்பதும் தோட்டம் வைத்திருக்கிற எவருக்கும் தெரியும். காப்புத் திணைக்கு அந்தப் பூவைத் தேர்ந்தெடுத்த முன்னோர் யாரோ, அவர் நிச்சயம் கத்தரி போட்டவர். ஆனால் எழுதி வைத்தவர்கள் கோட்டையை மட்டும் எழுதி வைத்தார்கள். அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் கோவைக்கு மேற்கே, மலை இறங்கி வந்து ஊராக மாறும் பகுதி: தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, தடாகம், ஆனைகட்டி வட்டாரம். ஆய்வுப் பொருள், அங்கே வீட்டை ஒட்டிச் சில சென்ட் நிலத்தில் கத்தரி, வெண்டை, அவரை, தக்காளி, சர்க்கரைவள்ளி, இரண்டு பாத்தி கீரை என்று போடப்படும் தோட்டம். பங்கேற்ற உயிரினங்கள் புள்ளிமான், காட்டுப்பன்றி, மயில், முள்ளம்பன்றி, முயல், குரங்கு. சிறப்பு விருந்தினராக அவ்வப்போது யானை. ஆய்வு நெறிப்படி இவற்றிடம் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. அவையும் நம்மிடம் வாங்கவில்லை.

இத்துறையின் முதல் கள அறிக்கை கபிலரின் ‘குறிஞ்சிப்பாட்டு’. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்பார்கள். தினைப்புனத்தில் கிளி ஓட்டத் தலைவியும் தோழியும் அனுப்பப்படுகிறார்கள். ஏறி நிற்கப் பரண். கையில் தழல், தட்டை, குளிர் என்னும் கிளிகடி கருவிகள். ஆள் உண்டு, உயரம் உண்டு, ஓசை உண்டு. இன்றைக்கு வேளாண் கண்காட்சியில் விலைப்பட்டியலோடு வைத்திருக்கும் விரட்டிகள் யாவும் இந்த மூன்றில் ஆளை மட்டும் கழித்துவிட்டுச் செய்தவையே. கபிலர் 99 பூக்களை வரிசையாக எண்ணிச் சொல்கிறார். யானை வந்ததைச் சொல்கிறார், தலைவன் அம்பெய்து அதைத் திருப்பியதைச் சொல்கிறார். ஆனால் அந்தப் பருவத்தில் தினை எத்தனை மூட்டை கண்டது என்று சொல்லவில்லை. காவலுக்குப் போன பெண் காதலில் விழுந்தபின் கிளிகள் என்ன செய்தன? விளைச்சல் விவரம் இல்லாத வேளாண் அறிக்கையை இந்நாளில் எந்தத் துறையும் ஏற்காது.

இரண்டாவது சான்று வள்ளி. கவண் கல்லோடு பரண்மேல் நின்றவள். அவள் புனத்துக்கு முதலில் வேடன் வந்தான், பிறகு கிழவர் வந்தார், கடைசியில் யானை வந்தது. பயிருக்குள் யானை புகுந்த நிகழ்ச்சிகளிலேயே, அது யார், எதற்காக வந்தது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிவது இது ஒன்றுதான்: தம்பியின் கல்யாணத்துக்காக அண்ணனே வந்தார். நம்பிராசன் இழப்பீடு கேட்டு மனுப் போட்டதாகப் புராணத்தில் இல்லை. அவர் மகளை மணந்தவரின் வாகனம் இன்று அதே மாதிரி மலையடிவாரங்களில் தக்காளி நாற்றைக் கொத்திக்கொண்டிருக்கிறது. மாமனார் வீட்டு நிலம் என்ற உரிமை.

மூன்றாவது திருவள்ளுவர். 1038ஆம் குறளில் அவர் தரவரிசையே போட்டுவிட்டார்: உழுவதைவிட எரு இடுவது மேல், களை எடுத்தபின் தண்ணீர் பாய்ச்சுவதைவிடக் காவல் மேல். சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் ஒதுக்குகிறவர்கள் இந்தக் குறளை மறுபடி ஒருமுறை பார்க்கலாம். வேலி மேல் என்று அவர் சொல்லவில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றிலிருந்து எழும் கருதுகோள் இது: தோட்டக் காப்பின் வரலாறு என்பது, இரவில் விழித்திருக்க விரும்பாத மனிதன் தனக்குப் பதிலாக வேறு எதையாவது விழித்திருக்கச் செய்ய முயன்ற வரலாறு. பொம்மை, முள், கம்பி, சேலை, கருவாடு, மின்சாரம் எல்லாம் அந்த ஒரே ஆசையின் வெவ்வேறு பதிப்புகள். இனிச் சான்றுகள்.

முதலில் வந்தது யார் என்று தெரிய வேண்டும். பாதிப்பேர் இங்கேயே வழுக்கி, எல்லாவற்றுக்கும் பன்றியின் மேல் பழி போடுகிறார்கள். கடிபட்ட தழையைக் குனிந்து பார்க்க வேண்டும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லை மேலண்ணத்துக் கெட்டித் தசையில் அழுத்திப் பிடித்து இழுத்துக் கிழிக்கும். முனை நார்நாராகப் பிய்ந்திருக்கும். முயலுக்கு மேலும் கீழும் உளிப்பல். தண்டைச் சாய்வாக, சுத்தமாகச் சீவிவிடும். மண்ணைக் கிளறிப் பாத்தியைப் புரட்டிப் போட்டிருந்தால் பன்றி. நிலத்துக்குள் கிழங்கு இருப்பது வெளியிலிருந்தே அதன் மூக்குக்குத் தெரியும். நாம்தான் தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். கிழங்கைக் கரம்பிவிட்டு, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள்ளைக் கையெழுத்தாகப் போட்டுப் போனால் முள்ளம்பன்றி. அதற்குப் பெயரில் மட்டும்தான் பன்றி. இனத்தால் எலிக்கு உறவு. பத்துத் தக்காளியைப் பறித்துப் பத்திலும் ஒவ்வொரு கடி கடித்து வைத்திருந்தால் சாட்சி விசாரணையே வேண்டாம், குரங்கு.

திணை வகுப்பது இப்போது எளிது. ஓசையில்லாமல் இரவில் வந்து கவர்ந்து செல்லும் முள்ளம்பன்றி வெட்சி. குட்டிகள் சூழப் படையாக வந்து மண்ணையே கைப்பற்றும் பன்றி வஞ்சி. மதிலேறுவதில் தன்னிகரில்லாத குரங்கு உழிஞை. மயில் பட்டப்பகலில், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நேருக்கு நேர் நின்று கொத்துவதால் தும்பை.

மானுக்குத்தான் சிக்கல். மேய்ந்தது மான் என்று தெரிந்த உடனே வீட்டாரே எதிர்ப்பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அவரை போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. “மானுங்களா மாமா? குட்டியெல்லாம் கூட்டிட்டு வருங்களா?” என்று செல்போனை எடுத்துக்கொண்டு பந்தல் பக்கம் ஓடுகிறார்கள். இருட்டும்வரை காத்திருந்து, படம் கிடைக்காமல், “நாளைக்கு வந்தா போன் பண்ணுங்க மாமா” என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். மான் இவர்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இது ஒருதலைக் காமம். பன்னிரண்டு திணையுள் ஒன்றாகிய கைக்கிளை. ஆகவே அவரைப் பந்தலடியில் நொச்சியும் கைக்கிளையும் ஒரே பொழுதில் நிகழ்கின்றன. இப்படியொரு திணைமயக்கத்தை இலக்கணிகள் கனவிலும் கண்டதில்லை.

மானைத் தடுக்கும் வேலிக்கு எட்டடி உயரம் வேண்டும் என்பது உலகெங்கும் தோட்டக்காரர்கள் பட்டு அறிந்த அளவு. எட்டடி வலை, அதைத் தாங்க மண்ணுக்குள் இரண்டடி போகும் கல்கால், கட்டுக்கம்பி, ஆள் கூலி எல்லாம் சேர்த்தால், அந்தப் பணத்துக்கு உழவர் சந்தையில் ஆயுள் முழுக்கக் கத்தரிக்காய் வாங்கலாம். உயரத்தைக் குறைக்க இரண்டு வழி உண்டு. நாலடி உயரத்தில் இரண்டு வேலி, இடையில் நாலைந்து அடி இடைவெளி. மான் உயரமும் தாண்டும், அகலமும் தாண்டும். இரண்டையும் ஒரே தாவலில் தாண்டத் தயங்கும். இன்னொரு வழி, வேலியை மறைத்துவிடுவது. அந்தப் பக்கம் எங்கே கால் ஊன்றுவோம் என்று தெரியாவிட்டால் மான் குதிப்பதற்கு யோசிக்கும். கீற்றுத் தட்டி அடைப்புக்குள்ள மரியாதை இதனால்தான். வீட்டுக்கடன் வாங்குகிறவர்களிடம் இல்லாத முன்யோசனை. வேலிக்கு அடியில் சந்து இருந்தால் மட்டும் இந்த ஆய்வு முழுக்க வீண். தாண்டுவதைவிட நுழைவதே மானுக்குப் பிடிக்கும்.

இந்தச் சிக்கல் மலையடிவாரத்துக்கு மட்டும் உரியதன்று. சென்னை மாநகருக்கு நடுவே 2.7 சதுர கி.மீ. பரப்பில் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது, 1978இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டி, 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி. வளாகத்தில் புள்ளிமானும் வெளிமானும் பேராசிரியர்களோடு சரிசமமாக உலவுகின்றன. நாட்டிலேயே கடினமான நுழைவுத் தேர்வை எழுதாமல் உள்ளே இருப்பவை அவை மட்டும்தான்.

பன்றியைப் பற்றி அறிந்தோர் சொல்வது: கண் மட்டம், மூக்கு மகா கூர்மை. ஆகவே மூக்கோடு போரிட வேண்டும். இதற்கான ஆயுதம் சலூனில் கிடைக்கிறது. வெட்டி விழுந்த முடியை வேலியோரம் தூவிவிட்டால், தரையை மோந்துகொண்டே வரும் பன்றியின் மூக்கில் அது ஏறி எரிச்சல் தரும் என்பது கொள்கை. கேட்கப் போனால் கேட்கவே வேண்டியதில்லை. வாசலில் நிற்கும் தோரணையைப் பார்த்தே, “முடிங்களா? பன்னிக்குத்தானுங்க? சாக்கு கொண்டாந்திருக்கீங்களா?” என்று விசாரிப்பார்கள். வட்டாரத்தில் தேவை அவ்வளவு. பழனியில் நீள முடி ஏலம் போகிறது. இந்தக் குட்டை முடிக்கும் ஒரு நாள் விலை வரும் என்று சலூன்காரர் நம்புகிறார். முதல் மழை பெய்ததும் முடி மண்ணோடு போய்விடும். பிறகு ஊரில் எல்லோரும் மறுபடி முடி வளர்க்கும்வரை பன்றி காத்திருப்பதில்லை.

கருவாட்டைச் சிறு பைகளில் கட்டித் தொங்கவிடுவது அடுத்த முறை. கருவாட்டால் பன்றி போனதா என்பது அறிஞர்களிடையே விவாதத்துக்கு உரியது. பூனை வந்தது உறுதி. வெளிநாடுகளில் மான்விரட்டி என்று புட்டியில் அடைத்து விற்பவற்றில் பலவும் அடிப்படையில் அழுகிய முட்டைதான். அந்த நாற்றம் மானுக்கு ஆகாது என்பது உண்மை. ஆனால் தோட்டத்துக்கு மிக அருகில் குடியிருக்கும் பாலூட்டி மான் அல்ல.

இவை எல்லாவற்றையும்விட விரிவாக ஆராயத்தக்கது சேலை வேலி. கோவையில் மட்டுமன்றித் தமிழ்நாட்டில் காட்டோரம் எங்கே பஸ்ஸில் போனாலும் பார்க்கலாம்: சோளத்தையும் கடலையையும் சுற்றிக் குச்சி நட்டு, பழைய சேலைகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். இதன் தத்துவம் சிறந்தது. காற்றில் அசைகிறது, ஆள் வாடை அடிக்கிறது, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியவிடுவதில்லை. கபிலர் சொன்ன ஆள் இல்லை, ஆனால் ஆளின் உடுப்பு இருக்கிறது. செலவும் இல்லை என்று முதலில் தோன்றும். எந்தச் சேலை பழையது என்பதில் குடும்பத்துக்குள் ஒருமித்த கருத்து கிடையாது என்பது கட்டிய பிறகுதான் தெரியவரும். வேலியைக் கடந்து போகிற அக்கம்பக்கத்துப் பெண்களும், அது எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது, யார் எடுத்துக் கொடுத்தது, அதை இப்படியா கட்டுவது என்று நின்று படித்துவிட்டுத்தான் போவார்கள். ஊரின் முழுமையான ஜவுளி வரலாறு இன்று கடலைக் காட்டைச் சுற்றித்தான் காப்பாற்றப்பட்டு வருகிறது.

நிறத்தைப் பற்றி ஒரு நுட்பம். மானின் கண் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது; நீலத்தை நன்றாகக் காணும். எனவே அரக்குச் சேலையை வேலிக்குப் பரிந்துரைக்க அறிவியலில் ஆதாரம் இல்லை. இந்த முடிவை வீட்டில் தெரிவித்தபோதுதான், இந்த ஆய்வுக்கு முதல் ஆதரவு கிடைத்தது.

பொம்மையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வைக்கோல் அடைத்து, வீட்டுத் தலைவரின் சட்டையை மாட்டி, சட்டிக்குக் கண் மூக்கு வரைந்து நிறுத்துகிறார்கள். பேசாது, நகராது, கையெழுத்துப் போடாது. அப்படிப்பட்ட அதிகாரியை யாரும் அஞ்சுவதில்லை. சில நாளில் மயில் அதன் தோளில் உட்கார்ந்து அகவுகிறது. குழாயில் கார்பைடு போட்டு வெடிப்பது, தகரம் தட்டுவது, ஒலிபெருக்கியில் புலி உறுமலைப் போட்டுவிடுவது எல்லாம் இந்தக் கதிதான். நேரம் தவறாமல், ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரி உறுமும் புலி ஒன்றும் செய்யாது என்று தெரிந்துகொள்ள மானுக்கு வெகுகாலம் பிடிப்பதில்லை. புதுச் செய்தியாக இருக்கும்வரைதான் அச்சம். இதனால் அறிந்தவர்கள் விரட்டியை இடம் மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். இரவில் எழுந்து போய்ப் புலியை இடம் மாற்றி வைக்க வேண்டும். அதற்கு எழுந்தவர் நேரடியாகவே ஒரு சத்தம் கொடுத்துவிட்டு வரலாம்.

சூரிய மின்வேலி மட்டும் கொஞ்சம் மதிக்கத்தக்கது. 12 வோல்ட் பேட்டரி, ஒரு துடிப்புக் கருவி. நொடிக்கு ஒருமுறை மாதிரி, கண்ணிமைப்பதற்கும் மிகக் குறைந்த நேரத்துக்கு உயர் அழுத்தத் துடிப்பு ஓடும். சுளீர் என்று அடிக்கும், கொல்லாது. பன்றிக்குக் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆகவே புல் வெட்ட ஆள் வேண்டும். யானைக்கு இதிலும் கல்வி உண்டு. தந்தத்தில் மின்சாரம் எளிதில் பாயாது என்று கண்டுகொண்டு தந்தத்தாலேயே கம்பியை அறுக்கிறது. இல்லாவிட்டால் பக்கத்து மரத்தைக் கம்பிமேல் சாய்த்துவிட்டு நடந்து போகிறது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது வேறு கதை. அதில் நகைக்க எதுவுமில்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. மனிதர்களும் இப்படிச் சாகிறார்கள். மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளை அந்த ஆண்டே அரசு கொண்டுவந்தது.

சட்டம் என்று வந்தால், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் எதிர்த்தரப்பின் வழக்கறிஞர். மயில் 1963 முதல் தேசியப் பறவை. சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தக்காளி எந்த அட்டவணையிலும் இல்லை. பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை வந்த பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை வந்ததைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ. தாண்டி வந்ததை வனத்துறையினர் சுடலாம். விவசாயி எந்தத் தூரத்திலும் சுடக்கூடாது. நல்ல ஆணைதான். இரவு இரண்டு மணிக்குப் பன்றியையும் நில அளவைச் சங்கிலியையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

உயிர்வேலிக்கு வருவோம். கொங்கு நாட்டில் கிளுவை வேலி பேர்பெற்றது. காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள்ளோடு நெருங்கி நிற்கும். ஆனால் அது மாட்டை உள்ளே வைப்பதற்கு வளர்த்தது, பன்றியை வெளியே வைப்பதற்கு அல்ல. சில சென்ட் தோட்டத்தைச் சுற்றி உயிர்வேலி வைத்தால் இன்னொன்றும் நடக்கும்: வேலி வேர் விட்டு, பாத்திக்கு ஊற்றிய தண்ணீரையும் எருவையும் உறிஞ்சி, நிழலும் போட்டு, தான் மட்டும் செழிக்கும். வேலியே பயிரை மேய்வதைக் கள ஆய்வில் உறுதிசெய்ய இதைவிட எளிய வழி இல்லை.

வேலியால் எல்லாம் முடியும் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவைக் காட்டலாம். முயலைத் தடுப்பதற்காக அங்கே 1901இல் தொடங்கி 1907இல் மூன்று வேலிகளைக் கட்டி முடித்தார்கள். மொத்தம் 3,256 கி.மீ. ஒட்டகத்தில் ஏறிக் கண்காணிக்க ஆள் போட்டார்கள். வேலி முடிவதற்கு முன்பே முயல்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தன. கபிலர் காலத்திலிருந்து பார்த்தால் பரண் போய் ஒட்டகம் வந்திருக்கிறது. மேலே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது மட்டும் மாறவில்லை.

ஆக, கருதுகோள் நிறுவப்பட்டது. முடியைத் தூவ ஆள் வேண்டும், புலியை இடம் மாற்ற ஆள் வேண்டும், கம்பியடியில் புல் வெட்ட ஆள் வேண்டும், கிலோமீட்டர் அளக்க ஆள் வேண்டும். தூங்குவதற்காக மனிதன் கண்டுபிடித்த ஒவ்வொரு கருவியும் அவனை எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

இதையொட்டி ஓர் அறிவிப்பு. அவரைப் பந்தலுக்கு இரவுக் காவல் ஆள் தேவை. பரண் போட்டுத் தரப்படும். ஒரு தகரமும் குச்சியும் உண்டு. கவண் எறியத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை; மானைக் கண்டதும் போட்டோ எடுப்பவர்களும் காதலில் விழும் வயதினரும் விண்ணப்பிக்க வேண்டாம். சம்பளம் அவரைக்காய், மிஞ்சினால்.